இறந்தவர் சார்பில் யார் கேட்பது?

ஸ்கூடாய், ஜொகூர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு மாவு அரைத்து வைத்தாயிற்று. நீ வந்த பிறகுதான் முறுக்கு சுடுவதாக இருக்கிறேன்.

போன வாரம் தொலைபேசியில் ஒன்று கேட்டாய். மயாமியில் ஒரு ஜூரி, டெஸ்லா நிறுவனம் 243 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்று ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது உன் ஆபீஸில் மூத்த வழக்கறிஞர் ஒருவர், "அது நீதி இல்லை, லாட்டரி" என்று சொன்னாராம். "நீங்க என்ன நினைக்கிறீங்க அத்தை?" என்றாய். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளிடம் அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க ஜொகூர் பாருவில் ஒரு வழக்கறிஞர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, ஃபைலும் கையுமாக ஜாலான் ஆயர் மோலேக் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கியவள். என் மேசைக்கு வந்ததில் பெரும்பாலானவை ரன்னிங் டவுன் கேஸ்தான். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள், கூலாய்ப் பக்கம் எண்ணெய்ப்பனை லாரி, கோத்தா திங்கி சாலையில் கார் என்று, செத்தவர்களின் கணக்கை நான்தான் தட்டச்சு செய்வேன். சேம்பரிங் பயிற்சி முடிவதற்குள் நீயும் செய்வாய்.

அந்தக் கணக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். இறந்தவரின் சம்பளத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். மீதியில் மாதம் 600 வெள்ளி வீட்டுக்குக் கொடுத்தார் என்று வை. வயது 30 அல்லது அதற்குக் கீழே என்றால் 16 ஆண்டு. 600-ஐ 12-ஆல் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கினால் 115,200 வெள்ளி. அதோடு ஈமச் செலவு, துயரத்துக்கென்று சட்டம் வைத்திருக்கும் ஒரு தொகை. அவ்வளவுதான். சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கு, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அம்மாக்களிடம் நான் இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். "என் பையன் குடுத்த காசத்தான் கணக்குப் பாப்பாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் பணத்துக்காகக் கேட்கவில்லை. செய்தவனுக்கு என்ன தண்டனை என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு எங்கள் படிவத்தில் இடமே கிடையாது.

நீ கேட்டதும் அதே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்க ஜூரிகள் எழுதும் பெரிய தொகைகள் சிலவற்றில் பெரும்பகுதி, பாதிக்கப்பட்டவரின் நட்டத்துக்காக எழுதுவதில்லை. டெஸ்லா வழக்கையே எடுத்துக்கொள். 2019-இல் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட் போட்டு ஓட்டிவந்த கார் மோதி 22 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள், அவளுடைய காதலன் படுகாயம் அடைந்தான். விபத்தில் மூன்றில் இரண்டு பங்கு தவறு ஓட்டியவருடையது, மூன்றில் ஒரு பங்குதான் நிறுவனத்துடையது என்று ஜூரி பிரித்தது. 243 மில்லியனில் 200 மில்லியன் தண்டனைத் தொகை. நிறுவனம் அதை எதிர்க்கிறது. கடைசியில் எவ்வளவு நிற்கும் என்பதை மேல் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் லாட்டரிச் சீட்டில் யார் தவறு எத்தனை பங்கு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, கண்ணு.

இந்தத் தண்டனை நட்டஈடு எதற்கு என்று புரிய, 1972-க்குப் போக வேண்டும். நீ கல்லூரியில் "கிரிம்ஷா எதிர் ஃபோர்ட்" என்று பெயர் மட்டும் படித்திருப்பாய். கலிஃபோர்னியாவில் ஒரு நெடுஞ்சாலையில் ஃபோர்ட் பின்டோ கார் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த கார் இடித்தது. பின்டோவில் பெட்ரோல் தொட்டி பின்பக்கம் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்தது. தொட்டி நசுங்கிக் கிழிந்து, உள்ளே பெட்ரோல் பரவித் தீப்பிடித்தது. ஓட்டிய பெண் சில நாளில் இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த 13 வயதுப் பையன் வெந்த முகத்தோடு பிழைத்தான். அவன் மேல் எத்தனையோ அறுவை சிகிச்சைகள் நடந்தன.

தொட்டி இப்படிக் கிழியும் என்பது ஃபோர்டுக்குத் தெரியாமல் இல்லை. சந்தைக்கு விடுவதற்கு முன்பே அவர்களே இடித்துப் பார்த்த சோதனையில் தெரிந்திருந்தது. கார் ஒன்றுக்கு 15 டாலர் 30 காசு செலவு செய்து பின்பக்கத்தைப் பலப்படுத்தியிருந்தால், மணிக்கு 34 முதல் 38 மைல் வேகத்தில் இடித்தாலும் தொட்டி தாங்கியிருக்கும் என்று நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. அவர்கள் செலவு செய்யவில்லை. 1978 பிப்ரவரியில் ஜூரி அந்தப் பையனுக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லியன் டாலர் நட்டஈடும், அதற்கு மேல் 125 மில்லியன் தண்டனைத் தொகையும் எழுதியது. நீதிபதி அந்த 125-ஐ மூன்றரை மில்லியனாகக் குறைத்தார். 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் 1978 ஜூனில், அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர, பதினைந்து லட்சம் கார்களைத் தொட்டி சரிசெய்ய ஃபோர்ட் திரும்ப அழைத்தது. ஜூரி எழுதி நான்கே மாதம். விபத்து நடந்தோ ஆறு வருஷம்.

அந்தக் காலத்து ஃபோர்ட் தாள் ஒன்று உலகப் பிரசித்தம். 1973-இல் அரசு அமைப்புக்கு அனுப்பியது. பின்டோவுக்காக மட்டும் போட்ட கணக்கில்லை, எல்லா வாகனங்களுக்கும் பொதுவாக, கார் உருளும்போது எரிபொருள் கசிவதைத் தடுப்பது பற்றிய கணக்கு. இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. நீ வழக்கறிஞராகப் போகிறவள், சரியாகத் தெரிந்துகொள். ஒருபக்கம்: ஒன்றே கால் கோடி வாகனங்கள், தலைக்கு 11 டாலர், மொத்தம் 137 மில்லியன். மறுபக்கம்: எரிந்து சாகும் 180 பேர், ஆளுக்கு 2 லட்சம் டாலர், எரிந்து பிழைக்கும் 180 பேர், ஆளுக்கு 67 ஆயிரம், எரியும் வண்டிகள் 2,100. மொத்தம் 49.5 மில்லியன். ஆகவே மாற்றுவது கட்டுப்படியாகாது என்று முடிவு.

கூட்டலிலோ பெருக்கலிலோ எந்தத் தப்பும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. செத்தவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அது இரும்பு, பெயின்ட் மாதிரி ஒரு செலவு வரியாகிவிடுகிறது. அந்த வரியை முன்கூட்டியே எழுத முடியாமல் செய்வதுதான் தண்டனை நட்டஈட்டின் வேலை. நாலு சாதாரண ஜனங்கள் தாளைப் பார்த்துக் கொதித்துப்போய் என்ன எழுதுவார்கள் என்று எந்தக் கணக்காளராலும் சொல்ல முடியாது. அந்தப் பயம் இருந்தால் 15 டாலர் திடீரென்று மலிவாகத் தெரியும். உன் சீனியருக்கு லாட்டரியாகத் தெரிகிற அதே நிச்சயமின்மைதான் என் கண்ணுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இந்த வழக்கில் கவனி. அந்தத் தண்டனைத் தொகை பிழைத்த பையனுக்குத்தான் கிடைத்தது. இறந்துபோன அந்தப் பெண்ணின் குடும்பமும் கேட்டது. மரணத்துக்கான வழக்கில் அதைக் கொடுக்க அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள், நம் ஊர்ச் சட்டத்துக்கு வரும்போது வேண்டும்.

அடுத்தது நம் வாசலுக்கே வந்த விஷயம், தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக். மாசாயில் உன் மாமாவின் கூட்டாளி வைத்திருக்கும் பட்டறையில், வெடித்து முடிந்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் ஒன்றை ஃபோர்மேன் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். ஸ்டீரிங் நடுவில், ஹார்ன் அமுக்கும் மூடிக்குப் பின்னால் இருப்பது. வட்டமான தட்டை உலோகக் கூடு, பார்க்க டூனா மீன் டின் மாதிரி. ஓரத்தைச் சுற்றி வாயு வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். தக்காத்தா செய்ததில் உள்ளே இருந்த வெடிமருந்து அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதுவும் வைக்காமல் செய்தவையில், வருஷக்கணக்கில் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டு வில்லைகள் கெட்டுப்போகும். கெட்ட வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். வாயு துளை வழியாகப் போக நேரமில்லாமல் கூடே சிதறும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முழம் தூரத்தில்.

ஈரமும் வெக்கையும் உள்ள ஊர்களில்தான் இது சீக்கிரம் கெடும் என்று கண்டு, அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஹவாய் போன்ற இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்து மாற்றினார்கள். நம் ஜொகூரை யோசித்துப் பார். மத்தியானம் வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டீரிங்கைத் தொட முடியாது. சாயங்காலம் கொட்டுகிற மழைக்குப் பிறகு கண்ணாடி உள்பக்கம் வேர்த்து நிற்கும். வருஷம் முழுக்க இதே கதைதான்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஏர்பேக்கால் நேர்ந்ததாக முதலில் அறியப்பட்ட மரணம் நம் நாட்டில்தான். 2014 ஜூலையில், சரவாக்கின் சிபுவில், ஹோண்டா சிட்டி ஓட்டிப்போன கர்ப்பிணி. குழந்தையும் பிழைக்கவில்லை. 2016-இல் ஏப்ரல், மே மாதங்களில் மலேசியாவில் மேலும் இரண்டு விபத்துகள். ஜூன் கடைசியில் நம் ஜொகூரிலேயே ஒன்று, அதுவும் ஹோண்டா சிட்டிதான், ஓட்டியவர் இறந்துவிட்டார். இன்ஃப்ளேட்டர் சிதறியிருந்ததை ஹோண்டாவே அறிவித்தது. சாவுக்குக் காரணம் அதுதானா என்று அப்போது உறுதியாகச் சொல்லவில்லை.

இதைத் தயாரித்தவர்களுக்கு எப்போது தெரியும்? ஹோண்டா கார் ஒன்றில் 2004-லேயே அலபாமாவில் ஒரு கூடு சிதறியிருக்கிறது. சோதனை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி, மறைத்து, கார் நிறுவனங்களுக்குக் கொடுத்ததை தக்காத்தா 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு பில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 850 மில்லியன் கார் நிறுவனங்களுக்கு, 125 மில்லியன் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், 25 மில்லியன் அபராதம். அதே ஆண்டு ஜூனில் திவால். கார் நிறுவனங்களின் பங்குக்கும் மனிதர்களின் பங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 68-ஆவது பிரிவு நல்ல பிரிவு. பொருளில் குறை, அதனால் காயம் என்று காட்டினால் போதும். தயாரித்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தன் பெயரைப் போட்டு விற்றவரும் பொறுப்பு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தவரும் பொறுப்பு. "ஜப்பானில் போய்க் கேள்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. இந்த நாட்டில் பயனீட்டாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் உரிமை உண்டு என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸும் எத்தனை ஆண்டுகள் கத்தினார்கள்! அவர் 2019-இல் காலமானார். அவர்களைப் போன்றவர்கள் தொண்டை வறளப் பேசியதன் பலன் இப்படிப்பட்ட சட்டங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பாய். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், நல்ல ஏற்பாடு. வாஷிங் மெஷின் ஓடவில்லையா, அங்கே போ. ஆனால் உடல் காயத்துக்கும் சாவுக்கும் அங்கே இடமில்லை. அதற்கு சிவில் நீதிமன்றம்தான்.

அங்கே போனால் என்ன ஆகும்? தண்டனை நட்டஈடு நம் நாட்டில் இல்லாத ஒன்றில்லை. 1964-இல் இங்கிலாந்தில் ரூக்ஸ் எதிர் பார்னார்ட் வழக்கில், எப்போது அதைக் கொடுக்கலாம் என்று டெவ்லின் பிரபு வகுத்தார். அதில் இரண்டாவது வகை, கொடுக்க வேண்டி வரும் நட்டஈட்டைவிடக் கிடைக்கும் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டு ஒருவன் தவறு செய்வது. பின்டோவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! நம் நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றுகின்றன. 1993-இல் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் எட்கர் ஜோசஃப் ஜூனியர் என்ற நீதிபதி, ஒரு காய்கறித் தோட்டக்காரரின் தோட்டத்தை இயந்திரம் விட்டு அழித்த வீடமைப்பு நிறுவனத்துக்கு எதிராகத் தண்டனை நட்டஈடு கொடுத்தார். ஜூரி இல்லை, ஆரவாரம் இல்லை, ஒரே நீதிபதி. செங் ஹாங் குவான் வழக்கு என்று தேடினால் கிடைக்கும், படித்துப் பார்.

ஆனால் அந்தத் தோட்டக்காரர் உயிரோடு இருந்தார். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, உட்பிரிவு 2-ஐ எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படி. இறந்தவரின் சொத்து சார்பாகத் தொடுக்கும் வழக்கில் தண்டனை நட்டஈடு சேராது என்று அதில் இருக்கிறது. 7-ஆவது பிரிவில் குடும்பத்தார் கேட்பதும் இழந்த ஆதரவுக்குத்தான். போலீஸ் காவலில் இறந்த ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கில், இந்தத் தடை செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றமே பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லிவிட்டது. துயரத் தொகை இப்போது 30,000 வெள்ளி. 2019-இல்தான் அப்படி உயர்த்தினார்கள். அதற்கு முன் 10,000. ஜொகூரில் அந்த ஹோண்டா சிட்டிக்காரர் இறந்த 2016-இல் சட்டம் வைத்திருந்தது 10,000 வெள்ளி.

இதன் பொருள் என்ன தெரியுமா? குறை உள்ள பொருள் ஒருவரைக் குருடாக்கினால், அவர் நீதிமன்றத்தில் நின்று, "இவர்களுக்குத் தெரியும், தெரிந்தே விற்றார்கள், தண்டியுங்கள்" என்று கேட்கலாம். அதே பொருள் கொன்றுவிட்டால் கேட்க முடியாது. காயப்படுத்துவதைவிடக் கொல்வது மலிவு. கலிஃபோர்னியாவில் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு என்ன நடந்ததோ, அதேதான் இங்கேயும் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. எத்தனை வாதம் சொன்னாலும் அநியாயம்தான்.

உன் சீனியர் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஜூரி உணர்ச்சிவசப்படும் என்பார். படும். அதனால்தான் நீதிபதிகள் குறைக்கிறார்கள்: 125 மில்லியன் மூன்றரை ஆயிற்று. ஜார்ஜியாவில் ஒரு ஃபோர்ட் டிரக்கின் கூரை நசுங்கி வயதான தம்பதி இறந்த வழக்கில் 2022-இல் ஜூரி எழுதிய 1.7 பில்லியனை, 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. தண்டனைத் தொகை பொதுவாக உண்மை நட்டத்தைப் போல் ஒன்பது மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் கோடு கிழித்தது. "ஒரு குடும்பத்துக்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்று கேட்பார். அதே ஜார்ஜியா மாநிலத்தில் பொருள் குறை வழக்குகளில் தண்டனைத் தொகையில் 75 விழுக்காடு அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. நமக்கும் அப்படி வைத்துக்கொள்ளலாமே, யார் வேண்டாம் என்றார்கள்?

ஜூரியை இங்கே மீண்டும் கொண்டுவரச் சொல்கிறேனா என்றால், இல்லை. நம் நாட்டில் ஜூரி என்றதும் எல்லாருக்கும் தெமெர்லோ நீதிமன்றத்தில் நடந்த மோனா ஃபென்டி கொலை வழக்குதான் ஞாபகம் வரும். 1995 தொடக்கத்தோடு அந்த முறையே முடிந்துவிட்டது. நீதிபதியே போதும். இந்தியாவைப் பார். 1985 டிசம்பரில் டில்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அடுத்த ஆண்டே நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனம் பெரிதாக இருந்தால் நட்டஈடும் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் உறைக்கும் என்று தீர்ப்பெழுதியது. அது ஜூரி எழுதியதில்லை. ஆனால் போபால் விஷவாயு வழக்குக்கு அது உதவவில்லை. அந்த வழக்கை அமெரிக்காவில் நடத்தக் கூடாது, இந்தியாவுக்கே அனுப்புங்கள் என்று யூனியன் கார்பைடு நியூயார்க்கில் வாதாடி 1986-இல் ஜெயித்தது. 1989-இல் 470 மில்லியன் டாலரில் சமரசம். தன் சொந்த ஊர் ஜூரியின் முன்னால் நிற்பதைவிட நம் ஊர் நீதிமன்றம் மேல் என்று ஒரு நிறுவனம் நினைத்தால், அது நமக்குப் பெருமையா?

சட்டம் மாறினால் மட்டும் போதாது. ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன், கவனமாகப் படி. என் மேசைக்கு வந்த ரன்னிங் டவுன் ஃபைல்களில் போலீஸ் ரிப்போர்ட் இருக்கும், ஸ்கெட்ச் பிளான் இருக்கும், மருத்துவ அறிக்கை இருக்கும். காரைப் பற்றி எதுவும் இருக்காது. யார் எந்தப் பாதையில் வந்தார், யார் சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்பதோடு கேள்வி முடிந்துவிடும். கேஸ் நீதிமன்றத்துக்கு வருவதற்குள் கார் பழைய இரும்புக் கடையில் நசுங்கியிருக்கும். ஏர்பேக் ஏன் விரியவில்லை, பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று யாரைக் கேட்பது?

ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் என்ன நடந்தது என்று பார். சாவி போடும் சுவிட்சு ஓட்டத்திலேயே நழுவி எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சின் அணைந்தால் ஏர்பேக்கும் விரியாது. சரிசெய்ய ஆகும் செலவு ஒரு டாலருக்கும் கீழே, 57 காசு என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. சுவிட்சை 2006-இல் நிறுவனம் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறது, ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண். எந்தக் காரில் எது இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஜார்ஜியாவில் மகளைப் பறிகொடுத்த ஒரு பெற்றோரின் வழக்குக்காக வேலை பார்த்த பொறியாளர், உடைந்த காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துதான் கண்டுபிடித்தார். 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 சாவுகளுக்கு நட்டஈட்டு நிதி பொறுப்பேற்றது. அந்தப் பெற்றோர் காரை இரும்புக் கடைக்கு விட்டிருந்தால் எதுவும் வெளியே வந்திருக்காது.

ஆகவே நாளைக்கு உன்னிடம் ஒரு குடும்பம் வந்தால், முதல் நாளே காரை எங்கே இழுத்துப் போனார்கள் என்று கேள். இன்சூரன்ஸ் கம்பெனி விற்றுவிடுவதற்குள் கடிதம் அனுப்பு. ஸ்டீரிங்கை, சீட் பெல்டை, சுவிட்சை யாரும் கழற்றக் கூடாது என்று எழுது. ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கும் விதி உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதைக் கூசாமல் பயன்படுத்து. எந்த வருஷம் முதல் புகார் வந்தது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேள். "தெரியும்" என்பதைக் காட்டும் ஒரு தாள் கிடைத்துவிட்டால் வழக்கின் முகமே மாறிவிடும்.

அந்த 8-ஆவது பிரிவைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். சேம்பரிங் முடிந்து நீயும் வழக்கறிஞர் மன்றத்தில் உறுப்பினராகிவிடுவாய். சட்டத் திருத்தம் கேட்கும் குழுக்கள் அங்கே உண்டு. துயரத் தொகையை 10,000-இலிருந்து 30,000 ஆக்கியது போல, தெரிந்தே குறையை மறைத்தவர்கள் விஷயத்திலாவது அந்தத் தடையை எடுங்கள் என்று எழுது. உன்னோடு படித்தவர்களையும் எழுதச் சொல். என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் சொல்லு, கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கடைசியாக உன் காருக்கு வருகிறேன். கூலாயில் தெரிந்தவரிடமிருந்து உனக்கு 2006 மாடல் ஹோண்டா சிட்டி பேசி முடித்திருப்பதாக உன் அப்பா சொன்னான். வண்டி சுத்தமாக இருக்கிறதாம், இன்ஜின் நல்ல சத்தமாம். எனக்கு அது போதாது. திரும்ப அழைக்கும் கடிதங்கள் முதலில் வாங்கியவரின் விலாசத்துக்குப் போகும். அவர் வீடு மாறியிருப்பார், வண்டி கைமாறியிருக்கும், கடிதம் எங்கேயோ கிடக்கும். கிராண்டில் இருக்கும் சாசி எண்ணை எடுத்து நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார். ஏர்பேக் இன்ஃப்ளேட்டரை மாற்றவில்லை என்று வந்தால் நேராக அவர்களுடைய சேவை மையத்துக்குக் கொண்டுபோ. எத்தனையாவது கை வண்டியாக இருந்தாலும் இலவசமாக மாற்றித் தர வேண்டும். மாற்றியதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள். வெளியே சாலையோரக் கடையில் ஸ்டீரிங்கைக் கழற்ற விடாதே, மலிவு என்று யார் சொன்னாலும்.

தம்பியிடம் நான் பேசிவிட்டேன். மாற்றிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் எல்.ஆர்.டி.யிலேயே வேலைக்குப் போய் வா.

அன்புடன்,
உன் அத்தை